மூங்கிற்றண்டின் அமைப்பும் தொன் கணக்கும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்துக் கூறும். மூங்கில் முன்னைய வகையைச் சாரும். இதனைக் கொண்டு பழந்தமிழர் இன்றைய தாவரவியலை அன்றே அறிந்திருந்தனரென மார்தட்டுதல் நமது நோக்கமன்று. மூங்கிலை வெட்டிப் பிளந்து முடைந்த உழைப்பாளரின் கைப்பட்டறிவே அங்கு இலக்கணமாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நுணுக்குக்காட்டியின் கீழும் இவ்வுண்மை புலப்படும். தண்டுச் சுவரின் குறுக்குவெட்டில், நார்சூழ்ந்த கலன்கட்டுகள் வெளிப்புறத்தே சிறியனவாய் நெருங்கியும் உட்புறத்தே பெரியனவாய் ஐதாகவும் அமைந்துள்ளன. முடைவோர் புறத்தோலையொட்டிய பிளாச்சைப் பேணி உட்பகுதியைக் கழிப்பதன் காரணம் இதுவே. மரத்துக்குரிய மாறிழையம் மூங்கிலுக்கு இல்லை. ஆதலால் அது ஆண்டுதோறும் பருப்பதில்லை. சில மாதங்களுள் முழு உயரத்தையும் எட்டிவிடும் தண்டு, பின்னர் ஏறத்தாழ 3 ஆண்டுகள் இலிக்கினின் படிந்து முதிர்கின்றது.

10 சதமீற்றர் விட்டமும் 1 சதமீற்றர் தடித்த சுவரும் உடைய மூங்கிற்குழாய் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதே அளவு பொருளை உட்டுளையின்றித் திரட்டினால் 6 சதமீற்றர் விட்டமுள்ள கோலொன்றே கிடைக்கும். குழாயோ அக்கோலினும் நாலரை மடங்கு வளைவை எதிர்க்க வல்லது. கணுக்களிலுள்ள குறுக்குச் சுவர்கள் அது நசுங்காது காக்கின்றன.

இவ்வமைப்பே உயிர்த்திணிவைக் கணக்கிடுவோருக்கு இடர் தருவதுமாகும். விட்டத்தை மட்டும் அளந்து நிறையைத் துணிதல் இயலாது. வறண்ட நிலத்துக் கல்மூங்கில் ஏறக்குறைய உட்டுளையற்றது. முள்மூங்கிலோ அகன்ற குழாய். ஒரே தண்டிலும் சுவர் நுனி நோக்கி மெலியும். ஆயின் நாரின் விகிதம் கூடுவதால் அடர்த்தி மிகும். இளந்தண்டும் முதிர்ந்த தண்டும் பருமனில் ஒத்திருப்பினும் உலர்நிறையில் வேறுபடும். தொன் என்னும் அளவு இவ்வேறுபாடுகள் அனைத்தையும் விழுங்கிவிடுகின்றது. முடைவோர் வேண்டுவது குறித்த வயதும் நீண்ட கணுவிடையும் உடைய தண்டு; காகித ஆலை வேண்டுவது நார்க்கூழுக்கான தொன். பயன்பெறுமதிக்கும் பரிமாற்றப் பெறுமதிக்கும் இடையிலான முரண்பாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

கர்நாடகத்தின் தண்டேலியில் அம்முரண்பாடு கண்கூடாயிற்று. 1958இல் அங்குள்ள காகித ஆலைக்கு அரசு மூங்கிலைத் தொன்னுக்கு ஒன்றரை ரூபா விலையில் வழங்க முன்வந்தது. கூடை முடையும் மேதர் மக்களோ சந்தையிற் பன்மடங்கு விலை கொடுத்தனர். 1970களின் நடுப்பகுதியில் மூங்கிற்பஞ்சம் குறித்து முடைவோர் குரலெழுப்பியதைத் தொடர்ந்து, சூழலியலறிஞர் மாதவ் காட்கில் ஆய்வு மேற்கொண்டார். முள்மூங்கிற்புதரின் அடியில் முட்கிளைகள் வேலிபோற் பின்னிக் கிடக்கும். இவற்றை அகற்றினாற் புதர் செழிக்கும் என்பது வனத்துறையினரின் துணிபு (வெட்டுவோருக்கும் அது வசதியே). ஊரவர் இதனை மறுத்தனர்: வேலி போனால் இளமுளைகளைக் கால்நடைகள் தின்றுவிடும் என்றனர். களத்தில் ஆராய்ந்தபொழுது ஊரவர் கூற்றே மெய்யாயிற்று. ஆலையின் கணக்கில் முட்கிளை கழிவு. புதரின் மறுவுற்பத்திக்கோ அதுவே அரண்.

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமென வரையறுத்திருந்தது. இது வெறும் தாவரவியற் பிழையன்று. தன் நிலத்தில் வளர்ந்ததையும் வெட்டிக் கொண்டுசெல்வதற்குக் குடியானவன் அனுமதி வேண்டி நிற்கும் நிலையை அது தோற்றுவித்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருட்களுள் அடக்கி, வனவாழ் மக்களுக்கு உரித்தாக்கியது. எனினும் மகாராட்டிரத்தின் மெந்தா லேகா கிராமசபை தன் மூங்கிலை விற்பதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையிற் பெறுவதற்கு 2011 வரை போராட வேண்டியிருந்தது. 2017இல் மரம் என்பதன் வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. காட்டுக்கு வெளியே அதனைப் பயிரிடுவோர் பயனடைந்தனர். காட்டினுள் வளரும் மூங்கிலோ இன்றும் வனச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலேயே உள்ளது.