‘ஸோ வாட்!’ சொல்லும் சபை

சிகாகோ, நார்த் பிராட்வே. பச்சை நியான் விளக்கு மினுக்கும் ‘கிரீன் மில்’ மதுக்கூடத்துக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “அல் கபோன் எங்கே உட்காருவார்?” வாசல்கள் ரெண்டும் கண்ணில் படுகிற ஒரு சாய்விருக்கையைக் காட்டினார்கள். தடவிப் பார்த்துவிட்டேன், நண்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

1907-ல் திறந்த கடை இது. மதுவிலக்குக் காலத்தில் அல் கபோன் போன்ற தாதாக்களின் கோட்டை. மது ஊற்றும் மேடைக்குப் பின்னால் சுரங்கத்துக்கு இறங்கும் பொறிக்கதவுகூட உண்டு. இங்கே பாடிவந்த ஜோ லூயிஸ் என்பவர் 1927-ல் போட்டி விடுதிக்குத் தாவினார். கபோனின் ஆட்கள் ஹோட்டல் அறைக்கே தேடிப் போய் அவர் தொண்டையை அறுத்தார்கள். மனிதர் பிழைத்து, பேசக் கற்று, நகைச்சுவைக் கலைஞராக மறுபடி மேடையேறினார். இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தக் கடையிலேயே கவிதை வாசிக்கப் பெயர் கொடுப்பதற்கு ஒரு அசட்டுத் தைரியம் வேண்டும். எனக்கு இருந்தது.

சில வருடங்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. அப்போதெல்லாம் கவிதைக் கூத்து வாராவாரம் நடக்கும். முதல் ஒரு மணி நேரம் ஓபன் மைக்: பெயர் கொடுத்தால் யாரும் ஏறலாம். “மேடைக்குப் புதுசா?” என்றார் பெயர் எழுதியவர். ஆமாம் என்றேன். சிரித்தபடி எழுதிக்கொண்டார். அந்தச் சிரிப்பில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விளக்கு மங்கியது. கட்டட வேலை பார்த்து, கவிதைக்கு வந்த மார்க் ஸ்மித் மேடையேறினார். 1986 ஜூலையில் இதே மேடையில் ‘பொயட்ரி ஸ்லாம்’ என்ற கவிதைப் போட்டி வாரக் கூத்தைத் தொடங்கியவர். அவர் வைத்த பொறி நாலே வருடத்தில் சான் பிரான்சிஸ்கோவில் தேசியப் போட்டியாக வளர்ந்தது. பெரிய மனிதர்! அவர் தன் பெயரைச் சொன்னார். “ஸோ வாட்!” என்று கூடமே கத்தியது. அதாவது, இருந்தால் இருந்துட்டுப் போயேன்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊர்க் கவியரங்கத்தில் தலைவரின் அடைமொழிகளைச் சொல்லி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும், பொன்னாடை தனி. இங்கே என்னடாவென்றால் இந்த மரியாதையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார், வாரம் தவறாமல்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள், அதாவது அதைப் போன்ற ஏதோ ஒன்றை. கால் நடுங்க ஏறினேன். அம்மாவின் டபரா பற்றிப் பதினாறு வரி. முதலில் தமிழில் வாசித்தேன். மூச்சுக்கூட விடாமல் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது, ஆனாலும் முன்வரிசைப் பாட்டி கண்ணை மூடித் தலையாட்டினார். அந்தக் குஷியில் ஆங்கிலத்துக்குத் தாவினேன். டபரா என்றால் என்ன, ஆற்றுவது என்றால் என்ன, டிகாக்‌ஷன் எப்படி இறங்கும்...

சொடுக்குச் சத்தம். ஒரு மேசையில், பிறகு நாலு மேசையில்.

கவிதை பிடித்துப்போனால் இவர்கள் கைதட்டுவதற்குப் பதில் விரலைச் சொடுக்குவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பூரித்துப்போய்க் கும்பிட்டேன். பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் உள்ள வித்தியாசத்தை வேறு விளக்கினேன். சொடுக்கு மழையானது. தரையில் கால்கள் தடதடத்தன. என்ன வரவேற்பு!

இறங்கியதும் நண்பர் காதைக் கடித்தார். வேறு எங்கே எப்படியோ, கிரீன் மில்லில் சொடுக்கினால் “போரடிக்குது, முடி” என்று அர்த்தம். காலை உதைத்தால் “இன்னுமா முடிக்கல?” அடுத்தது முனகல். பெண்களைப் பற்றி ஆண் கவிஞர் எவராவது உளறினால் “ஸ்ஸ்ஸ்” என்று பாம்பாய்ச் சீறுவார்களாம் பெண்கள். (இந்த ஒன்றை மட்டும் நம் பட்டிமன்றங்களுக்கு இறக்குமதி செய்தே ஆக வேண்டும்.)

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. யாராவது கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே சொடுக்குப் போடுவாள் என் பாட்டி. சிகாகோவிலும் சொடுக்கு கொட்டாவிக்குத்தான்! அவர்கள் தமிழுக்குச் சொடுக்கவில்லை, என் விளக்கவுரைக்குத்தான் சொடுக்கினார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. தலையாட்டிய பாட்டி வேறு என் மேசைக்கே வந்து, “அந்த முதல் பாதி நன்றாயிருந்தது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் அடுத்தவர் மேடையில். போன காதலி, அவள் விட்டுச்சென்ற பூனை, பூனையின் உளவியல் என்று போய்க்கொண்டே இருந்தார். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள்.

முதல் சொடுக்கு என்னுடையது.