படுக்கை காலியானாலும் வருமானம் குறையாது: மேரிலாந்தின் கிராம மருத்துவமனைக் கணக்கு

அமெரிக்காவில் ஒரே அறுவை சிகிச்சைக்கு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஒவ்வொரு தொகை கொடுப்பது வழக்கம். ஆனால் மேரிலாந்து மாநிலத்தில் மருத்துவமனைக் கட்டணத்தை நிர்ணயிப்பது ஓர் ஆணையம். 1971-இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட அதன் ஏழு உறுப்பினர்களையும் ஆளுநர் நியமிக்கிறார். நம் முதலமைச்சரைப் போல அங்கே ஆட்சி நடத்துபவர் அவர்தான். வார்டில் ஒரு நாளுக்கு எவ்வளவு, அறுவை அரங்கில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று மருத்துவமனைதோறும் ஆணையம் விலை வைக்கிறது. முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேரும் 1977 முதல் இந்தக் கட்டணத்துக்குள் வந்தது. பணம் கட்ட முடியாதவர்களின் செலவும் கட்டணத்திலேயே சேர்ந்திருப்பதால், அந்தச் சுமையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

விலைக்குக் கடிவாளம் போட்டால் நோயாளிகளின் எண்ணிக்கை ஓடத் தொடங்கும். நகரத்து மருத்துவமனை கூடுதல் நோயாளிகளைச் சேர்த்து ஈடுகட்டும். கிராமத்து மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை. பத்துப் பேர் படுத்திருந்தாலும் இருபது பேர் படுத்திருந்தாலும் இரவுப் பணிக்குச் செவிலியர் வேண்டும், அவசரப் பிரிவு திறந்திருக்க வேண்டும்.

அதனால் ஆணையம் சில மருத்துவமனைகளுக்கு ஆண்டு மொத்த வருமானத்தையே முன்கூட்டி நிர்ணயித்தது. மலைப்பகுதியான காரெட், கடலோரக் கிரிஸ்ஃபீல்டின் மெக்ரெடி ஆகியவை முதலில் சேர்ந்தன. 2010-இல் இன்னும் எட்டு சேர்ந்து பத்தாயின.

நடைமுறை எளிது. உதாரணத்துக்கு, ஒரு மருத்துவமனையின் ஆண்டு வருமானம் 10 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகள் 4 சதவீதம் குறைந்தால் கட்டணத்தை ஏறக்குறைய அதே அளவு உயர்த்தி மொத்தத்தை எட்டலாம். கூட்டம் கூடினால் குறைக்க வேண்டும். 5 சதவீதம் வரை தானே மாற்றலாம், அதற்கு மேல் 10 சதவீதம் வரை ஆணையத்தின் அனுமதி தேவை. விலைவாசிக்கும் மக்கள்தொகைக்கும் ஏற்பத் தொகை ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. வருமானம் மாறாதபோது, வராத நோயாளிதான் லாபம். அந்தப் பத்தில் ஒன்றான கம்பர்லேண்ட் நகர மருத்துவமனை நீரிழிவுக்கும் இதயச் செயலிழப்புக்கும் தனிக் கிளினிக்குகள் திறந்து, அடிக்கடி சேர்க்கப்படுபவர்களைத் தொடர்ந்து கவனித்தது இதனால்தான். சுற்றுவட்டாரத்தில் வேறு மருத்துவமனை இல்லாததால் இங்கே குறையும் நோயாளி வேறெங்கோ போய்ச் சேர்வதும் அரிது. அடுத்தடுத்து மருத்துவமனைகள் நிற்கும் பால்டிமோரில் அப்படி உறுதி சொல்ல முடியாது. சிகிச்சையைத் தட்டிக்கழிக்கும் ஆசை எழலாம் என்பதால் தரமும் கண்காணிக்கப்படுகிறது. ஆனால் மருத்துவர்களின் தனிக் கட்டணம் இந்த வரம்புக்கு வெளியே இருப்பது பெரிய ஓட்டை.

2014-இல் இந்த முறை மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தலைக்கு ஆகும் மருத்துவமனைச் செலவு ஆண்டுக்கு 3.58 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது, மெடிகேருக்கு ஐந்தாண்டில் 33 கோடி டாலர் மிச்சப்பட வேண்டும் என்பவை அப்போது மத்திய அரசு விதித்த நிபந்தனைகள். கட்டண ஆணையம் இல்லாத பென்சில்வேனியாவும் 2019-இல் ஐந்து கிராம மருத்துவமனைகளுடன் இதேபோன்ற திட்டத்தைத் தொடங்கியது.

முதலில் சேர்ந்த இரண்டில் காரெட் இன்றும் உள்நோயாளிகளைச் சேர்க்கிறது. மெக்ரெடியால் முடியவில்லை. 2020-இல் அது சாலிஸ்பரியின் பெரிய மருத்துவமனையோடு இணைந்தது. உள்நோயாளிப் பிரிவு மூடப்பட்டது. அவசரச் சிகிச்சை கிரிஸ்ஃபீல்டில் தொடர்ந்தது.