நடையும் நன்றியும்: ஓர் இஸ்லாமிய நோக்கு

ஸூரா அல்முல்கின் 15ஆம் வசனம் பூமியைக் குறிப்பிடும்போது 'தலூல்' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றது. ஏறிச் செல்பவருக்கு அடங்கி நடக்கும் வண்ணம் பழக்கப்படுத்தப்பட்ட பிராணியைக் குறிக்க அரபியர் வழங்கிய சொல் இது. மனிதன் நடந்து செல்ல வேண்டிய இடங்களைச் சுட்டுவதற்கு அதே வசனத்தில் 'மனாகிப்' என்ற சொல் வந்துள்ளது. விரிவுரையாளர்கள் இதற்கு மலைகள் என்றும் பாதைகள் என்றும் பொருள் கூறியுள்ளனர். ஆயினும் அதன் அடிப்படைப் பொருள் தோள்கள் என்பதாகும். நமது பாதங்களின் கீழ் இருப்பது நமக்காகப் பணிய வைக்கப்பட்ட ஒரு வாகனம் என்ற உணர்வை இவ்விரு சொற்களும் சேர்ந்து தோற்றுவிக்கின்றன. நடக்குமாறும், அவன் வழங்கிய உணவிலிருந்து உண்ணுமாறும் பணித்த பின்னர், மீண்டெழுதல் அவனிடமே என்று அவ்வசனம் நிறைவுறுகின்றது.

நடை என்பது இன்று பெரும்பாலும் உடல்நலத்தோடு மட்டும் தொடர்புபடுத்தப்படுகின்றது. சர்க்கரையின் அளவு, இரத்த அழுத்தம், உடல் எடை ஆகியவற்றைச் சீராக்கும் பொருட்டு நடக்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. எனினும், நடக்கும் மனிதனின் உள்ளம் அவ்வேளையில் எங்கே இருக்கின்றது என்ற வினாவும் முக்கியமானது. நன்றியுணர்வுடனும் விழிப்புடனும் நடப்பது எவ்வாறு என்பதை நமது மார்க்க மரபின் ஒளியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஷுக்ர் என்னும் சொல்

நன்றியைக் குறிக்கும் 'ஷுக்ர்' என்ற சொல்லை விளக்கும் மொழியியலாளர்கள் 'தாப்பதுன் ஷகூர்' என்ற வழக்கை எடுத்துக்காட்டுவர். தான் உண்ட சிறிதளவு தீனியின் பயனைத் தன் உடற்செழிப்பில் வெளிப்படுத்தும் பிராணியை அரபியர் அவ்வாறு அழைத்தனர். இமாம் ராகிப் அல்இஸ்பஹானி (ரஹ்) அவர்கள், ஓர் அருட்கொடையை உள்ளத்தில் கொணர்ந்து அதனை வெளிப்படுத்துவதே ஷுக்ர் என்றும், அதனை மறந்து மறைப்பது குஃப்ர் என்றும் விளக்குகின்றார்கள். 'குஃப்ர்' என்பதன் மூலப்பொருள் மூடுதல், மறைத்தல் என்பதாகும். ஆகவே நன்றி செலுத்துவதென்பது வெறும் வாய்மொழியன்று. மூடப்பட்டுக் கிடக்கும் ஓர் உண்மையைத் திறந்து பார்ப்பதே அதன் தொடக்கமாகும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பொறுமைக்கும் நன்றிக்கும் ஒரு தனி நூற்பகுதியையே ஒதுக்கியுள்ளார்கள். நன்றி மூன்று கூறுகளால் அமைகின்றது என்பது அவர்களது விளக்கம். முதலாவது அறிவு: அருட்கொடையை அருட்கொடை என்றும், அது அதனை வழங்கியவனிடமிருந்து வந்தது என்றும் அறிதல். இரண்டாவது நிலை: அவ்வறிவினால் உள்ளத்தில் எழும் பணிவுடன் கூடிய மகிழ்ச்சி. மூன்றாவது செயல்: அந்த அருட்கொடையை, வழங்கியவன் விரும்பும் வழியில் பயன்படுத்துதல். அறிவு நிலையைத் தோற்றுவிக்கும். நிலை செயலைத் தோற்றுவிக்கும். மனிதன் அன்றாடம் செய்யும் நடையை இம்மூன்று கூறுகளையும் கொண்டு நோக்குவோம்.

அறிவு: ஒரு காலடியில் அடங்கியவை

எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கும் அருட்கொடைகளை மனிதன் அருட்கொடையாகவே கருதுவதில்லை என்று கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் சுட்டிக்காட்டுகின்றார்கள். அதற்கு அவர்கள் காற்றை உதாரணமாகக் கூறுகின்றார்கள். மூச்சுத் திணறி மீண்டவனே காற்றின் மதிப்பை அறிகின்றான். மீண்ட சில காலத்தில் அவனும் மறந்துவிடுகின்றான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களுக்கு இப்பகுதியைக் கற்பித்து வருபவன் நான். ஆனால் அதன் பொருளை எனக்குப் புரியவைத்தது ஒரு நைலான் இழை.

நீரிழிவுப் பரிசோதனை ஒன்றின்போது மருத்துவர் எனது கண்களை மூடச் செய்து, மெல்லிய நைலான் இழையொன்றினால் பாதங்களின் அடியில் வெவ்வேறு இடங்களைத் தொட்டார். தொடுகை தெரியும்போதெல்லாம் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். சில முறை சொன்னேன். பின்னர் நீண்ட நேரம் ஒன்றும் நிகழவில்லை. "இன்னும் தொடவில்லையா, டாக்டர்?" என்று கேட்டேன். இரு பெருவிரல்களின் அடியிலும் அவர் ஏற்கனவே தொட்டு முடித்திருந்தார். நரம்புகளின் உணர்வு அவ்விடங்களில் மங்கத் தொடங்கிவிட்டது என்றும், இழந்ததை முழுமையாக மீட்பது கடினம், எஞ்சியதைப் பாதுகாக்க முடியும் என்றும் விளக்கினார். நாள்தோறும் நடக்கும்படியும், தகுந்த பாதணி அணியும்படியும், உறங்குமுன் உள்ளங்கால்களைக் கண்ணால் பார்க்கும்படியும், நீர் பட்டபின் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தும்படியும் பணித்தார்.

கல் குத்தினால் வலிக்கும் என்பதும் ஓர் அருட்கொடை என்று அன்றுவரை நான் எண்ணியதில்லை. வலி தெரியாத பாதத்தில் சிறு காயம் நாட்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடந்து, காலையே இழக்கும் நிலைக்கும் இட்டுச் செல்லக்கூடும். வலியைத் தரும் அதே உணர்வே காலைக் காக்கும் காவலனாகவும் அமைந்துள்ளது.

ஒரு காலடி எடுத்து வைப்பதில் அடங்கியுள்ளவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. வளர்ந்த மனிதனின் 206 எலும்புகளில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு இரு பாதங்களில் மட்டும் அமைந்துள்ளது. சாதாரண நடையில் ஒரு கால் ஏறத்தாழ 60 சதவீத நேரம் தரையிலும் 40 சதவீத நேரம் காற்றிலும் இருக்கின்றது. மறுகால் காற்றில் இருக்கும் கணங்களில் முழு உடலையும் ஒரே பாதம் தாங்குகின்றது. அப்போது நாம் விழாதிருக்கும் பொருட்டு, உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் தலையின் அசைவை மூளைக்கு உணர்த்துகின்றது. கால் எந்த நிலையில் உள்ளது என்பதைத் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள் கண்ணின் உதவியின்றியே அறிவிக்கின்றன. கெண்டைக்கால் தசைகள் சுருங்கும்போது கீழே தேங்கிய இரத்தம் இதயத்தை நோக்கி மேலேற்றப்படுகின்றது. இவற்றுள் எதனையும் நாம் கட்டளையிட்டு நடத்துவதில்லை.

மனிதன் 360 மூட்டுகளுடன் படைக்கப்பட்டுள்ளான் என ஆயிஷா (ரழி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டுக்காகவும் ஒரு தர்மம் கடமையாகின்றது என்று மற்றோர் அறிவிப்பு கூறுகின்றது. இத்தகைய ஹதீஸ்களை உடற்கூற்று நூலின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு வியப்பதோடு சிலர் நின்றுவிடுகின்றனர். அசையும் ஒவ்வோர் உறுப்பின் பேரிலும் நாள்தோறும் ஒரு கடன் நம்மீது ஏறுகின்றது என்பதே அவற்றின் மையச் செய்தியாகும்.

நிலை: உள்ளம் உடனிருத்தல்

அறிவு உள்ளத்தில் இறங்குவதற்கு உள்ளம் அங்கே இருத்தல் வேண்டும். பாதை ஒருபுறமும் எண்ணம் மறுபுறமுமாகச் செல்லும் நிலையையே நமது அறிஞர்கள் 'கஃப்லா' என்றனர். நிகழ்கணத்தில் கவனத்தை நிறுத்தும் பயிற்சிகள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. பௌத்தத் துறவியரின் நடைத் தியானம் மிகப் பழமையானது. ஜோன் கபட்-ஸின் என்ற அமெரிக்கர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியின் வழியாக இத்தகைய முறைகள் மருத்துவமனைகளுக்குள்ளும் நுழைந்தன. தமக்குக் கிடைத்த நன்மைகளை வாரந்தோறும் எழுதி வந்தோர் தமது வாழ்வு குறித்துக் கூடுதல் நிறைவுடன் இருந்தனர் என எம்மன்ஸ், மெக்கலோ ஆகிய இரு உளவியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர்.

இவற்றின் பயனை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நமது மரபில் விழிப்புக்கு ஒரு திசை உண்டு. அல்லாஹ்வைக் காண்பது போன்று அவனை வணங்குவதும், நாம் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கின்றான் என்றுணர்வதுமே இஹ்ஸான் என ஜிப்ரீல் (அலை) அவர்களது வினாவுக்கு நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இவ்வுணர்வை நிலைப்படுத்துவதே 'முராகபா' ஆகும். நன்றியும் அவ்வாறே. கிடைத்ததை எண்ணி மகிழ்வது நன்றியின் வாயில் மட்டுமே. அம்மகிழ்ச்சி கொடுத்தவனை நோக்கித் திரும்பும்போதே அது ஷுக்ர் ஆகின்றது. நின்றும் அமர்ந்தும் படுத்தும் இறைவனை நினைவுகூர்ந்து, வானங்கள் பூமியின் படைப்பைச் சிந்திப்போரை ஸூரா ஆலுஇம்ரான் (3:191) புகழ்ந்துரைப்பது இங்கு நினைவிற்குரியது.

நடைக்கென்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட தனி திக்ர் எதனையும் ஷரீஆ விதிக்கவில்லை. ஆயினும் நபித்தோழர்களின் பயணங்களில் அழகிய ஒரு வழக்கம் இருந்தது. மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் கூறியதாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (புகாரி). நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் கவனிப்பவருக்கே இது இயலும். இங்கு பாதையே நினைவூட்டியாகிவிடுகின்றது. நக்ஷபந்தி தரீக்காவின் அடிப்படைகளுள் 'நழர் பர் கதம்', அதாவது பார்வை பாதத்தின் மீதிருத்தல், ஒன்றாகும். சிதறும் பார்வை உள்ளத்தையும் சிதறச் செய்யும் என்பதே அதன் கருத்து.

விழிப்புடன் நடப்பது என்பதற்காகச் செயற்கையாகத் தளர்ந்து நடக்க வேண்டும் என்பதில்லை. அர்ரஹ்மானின் அடியார்கள் பூமியில் மென்மையாக நடப்பர் எனும் ஸூரா அல்ஃபுர்கானின் 63ஆம் வசனத்தை விளக்கும் இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள், நோயாளியைப் போல் பாவனை செய்து நடப்பதை இது குறிக்காது என்கின்றார்கள். நபி (ஸல்) அவர்கள் உயரத்திலிருந்து சரிவில் இறங்குபவரைப் போன்று உறுதியுடன் நடந்தார்கள் என்பதை அதற்குச் சான்றாகக் காட்டுகின்றார்கள். பெருமையை விலக்கிய, அளவான, உயிரோட்டமுள்ள நடையே விரும்பப்படுவதாகும். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு வழங்கிய அறிவுரையும் (31:18,19) அதுவே.

செயல்: பாதையின் உரிமை

மூன்றாம் கூறு இன்றி நன்றி முழுமையடைவதில்லை. தாவூத் (அலை) அவர்களது குடும்பத்தாரை விளித்து இறைவன் பணித்தது, நன்றியாகச் செயலாற்றுங்கள் என்பதேயாகும் (34:13). இரவுத் தொழுகையில் நின்று நின்று பாதங்கள் வீங்கிய நிலையில், தாம் நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை நாம் அறிவோம். அவர்களது நன்றிக்கு அப்பாதங்களே சான்றாயின.

நடப்பவனுக்கு அத்தகைய செயல்கள் பாதையிலேயே காத்திருக்கின்றன. பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாத்துக்குப் பதிலளித்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை பாதைக்குரிய உரிமைகள் என அபூ ஸஈத் அல்குத்ரீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் கூறுகின்றது. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது தர்மமாகும். தொழுகைக்காக எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் தர்மமாகும். 360 மூட்டுகளின் கடன் இவ்வாறே அடைபடுகின்றது. மஸ்ஜிதுக்கு அருகில் குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா குலத்தாரை, அவர்களது காலடிச் சுவடுகள் பதிவு செய்யப்படுகின்றன என்று கூறி இருந்த இடத்திலேயே இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். தூரம் அவர்களுக்குச் சுமையாகத் தோன்றியது. அதுவே அவர்களது ஏட்டில் செல்வமாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

இங்கு எனது குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் பணித்த நாள்முதல் சுபஹ் தொழுகைக்குப் பின் கடற்கரை வீதியில் நடந்து வருகின்றேன். தொடக்கத்தில் விரல்களில் தஸ்பீஹும் கையில் கடிகாரமுமாக விரைவேன். ஒரு நாள் வலை சுமந்து எதிரே வந்த முதியவர் ஸலாம் சொன்னதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் அவர், "ஹஸரத், நேற்று ஏதும் கோபமா?" என்று கேட்டார். சுன்னத்தான ஒரு திக்ரில் மூழ்கி வாஜிபான ஒரு பதிலைத் தவறவிட்டிருந்தேன். உள்ளம் விழித்திருக்கின்றது என்பதற்கு அடையாளம் கண்களை உள்நோக்கித் திருப்புவது மட்டுமல்ல. எதிரே வருபவரைக் காண்பதுமாகும் என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். அன்றுமுதல் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்கின்றேன்.

திரும்பி வந்த பின்

நாளின் முடிவில் தன்னைக் கணக்கெடுப்பதை நமது ஆன்மிக அறிஞர்கள் 'முஹாஸபா' என்பர். உறங்குமுன் நான் உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்க்கின்றேன். உணர்வு மங்கிய இடங்களை விரலால் தொடுகின்றேன். சிராய்ப்பு எதுவும் இல்லையெனில் அல்ஹம்துலில்லாஹ் என்கின்றேன். சிறுவயது முதல் நாளுக்கு ஐந்து வேளை வுழூவில் இதே பாதங்களைக் கழுவி வந்திருக்கின்றேன். நனையாமல் விடப்படும் குதிகால்களைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுமாறும் பணித்தார்கள். பாதத்தை நாள்தோறும் கவனிக்கும் பழக்கம் எனக்கு மருத்துவரால் புதிதாகக் கற்பிக்கப்பட்டதன்று. அது ஏற்கனவே எனது மார்க்கத்தில் இருந்தது. நான்தான் வேறெதையோ எண்ணிக்கொண்டு கழுவி வந்தேன்.

மறுமையில் வாய்கள் முத்திரையிடப்பட்டு, கைகள் பேச, கால்கள் சாட்சி கூறும் என்று ஸூரா யாஸீன் (36:65) அறிவிக்கின்றது. உணர்விழந்த விரல்களும் அச்சாட்சியிலிருந்து விலக்கப்படப் போவதில்லை. எனவே நாளைக் காலை வீட்டு வாயிலைக் கடக்கும்போது பிஸ்மில்லாஹ்வுடன் முதல் அடியை வைப்போம். அந்த அடியைத் தாங்கும் நிலத்தையும், அதனை உணரும் பாதத்தையும், எதிரே வரும் மனிதரையும் தந்தவன் ஒருவனே என்ற நினைவோடு நடப்போம். பாதையில் ஒரு கல் கிடந்தால் குனிந்து அகற்றுவோம். குனிய முடிகின்றது என்பதும் அவன் தந்த அருட்கொடைதான்.