பதிப்பு மாற்றமும் தரவு அறுவடைத் திறனும்: டிஸ்பேஸ் களஞ்சியங்களை முன்வைத்து

முன்னுரை

ஒரு களஞ்சியத்திலுள்ள ஆய்வேடுகளின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு முதலிய விவரங்களை வேறொரு கணினி தானாகத் திரட்டிக்கொள்வது தரவு அறுவடை எனப்படும். ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறையின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு அடிப்படையாகும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்கா இயங்கும் டிஸ்பேஸ் மென்பொருளும் இந்நெறிமுறையை ஏற்கிறது. அதன் இரு பதிப்புகளின் அறுவடைத் திறனை வேகத்தால் மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இயக்கமுறை வேறுபாடு

டிஸ்பேஸ் 1.8 பதிப்பு, அறுவடை வேண்டுகோள் வரும்போதெல்லாம் தரவுத்தளத்தை நேரடியாகப் படித்து விடையளித்தது. 2012இல் வெளிவந்த 3.0 பதிப்பு, சோலர் என்னும் தேடுபொறியின் அடைவில் விவரங்களை முன்னரே சேமித்து, அங்கிருந்து விடையளிக்கத் தொடங்கியது. ஒரு மறுமொழியில் 100 பதிவுகள் எனக் கொண்டால், 10,000 பதிவுகளுக்கு 100 வேண்டுகோள்கள் தேவை. எனவே ஒவ்வொரு மறுமொழியிலும் மிச்சமாகும் நேரம் மொத்தத்தில் பெரிதாகிறது.

ஆயினும், அடைவு குறித்த இடைவெளியில் புதுப்பிக்கப்பட்டால்தான் புதிய பதிவுகள் அதில் இடம்பெறும்.

விடுபடும் பதிவுகள்

ஓர் ஆய்வேடு காலை 10 மணிக்குச் சேர்க்கப்படுகிறது. அடைவு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது எனக் கொள்வோம். முற்பகல் 11 மணி அறுவடையில் அவ்வாய்வேடு கிடைக்காது. மறுநாள் அறுவடை, '11 மணிக்குப் பின் மாறியவை' என்று மட்டுமே கேட்கும். பதிவின் நேரமுத்திரை 10 மணி என்றே இருப்பின், அப்போதும் அது விடுபடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அறுவடை விரைவாக முடிந்ததாகவே பதிவாகும். திரட்டுத் தளத்தை மட்டும் நம்பித் தேடும் ஆய்வாளரோ, தம் தலைப்பில் முன்னாய்வு இல்லை என்று முடிவு செய்யக்கூடும்.

ஒப்பீட்டு நெறிகள்

1. இரு பதிப்புகளையும் ஒரே வழங்கியில், ஒரே தரவுத்தொகுதி கொண்டு சோதித்தல் வேண்டும்.
2. முழு அறுவடையையும் மாற்றங்களை மட்டும் திரட்டும் அறுவடையையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.
3. அடைவைப் புதுப்பிக்க ஆகும் நேரத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.
4. பெறப்பட்ட அடையாள எண்களைத் தரவுத்தளத்தின் பொதுப்பார்வைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கண்டறிதல் வேண்டும்.

முடிவுரை

அறுவடையின் தொடக்க நேரத்தை, அடைவுப் புதுப்பிப்பு இடைவெளியை விடக் கூடுதலாகப் பின்தள்ளி அமைத்தால், மேற்கண்ட விடுபாட்டைத் தவிர்க்கலாம். சில பதிவுகள் இருமுறை வரும். அடையாள எண் கொண்டு அவற்றை நீக்கிவிடலாம். விடுபட்ட பதிவை அவ்வாறு எளிதில் மீட்க இயலாது. ஆகவே அறுவடைத் திறன் என்பது வேகத்தோடு முழுமையையும் உள்ளடக்கியதாகவே கொள்ளத்தக்கது.