கல்லில் வெட்டாத கல்வெட்டு

யாழ்ப்பாணத்திலே கல்வெட்டு என்னுஞ் சொல் இருபொருள் தருவது. கோயிற் சுவரிலும் பாறையிலும் பொறிக்கப்பட்ட சாசனம் ஒன்று. ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் உறவினர் நடுவே இசையோடு படிக்கப்பட்டு, வந்தோர் கையிற் கொடுக்கப்படுஞ் சிறுநூல் மற்றொன்று. சரமகவி எனவும் வழங்கும் இந்நூலிற் கல்லுமில்லை, உளியுமில்லை. ஆயினும் கல்லில் வெட்டியது போல நிலைபெறல் வேண்டும் என்னுங் கருத்தே இப்பெயரில் அமைந்துள்ளது எனக் கொள்வது பொருந்தும்.

இறந்தோர்க்குக் கல் நாட்டுதல் தமிழரின் மிகப் பழைய வழக்கு. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதனை ஆறு படிகளாக வகுத்துரைக்கும். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்திலே கண்ணகிக்குக் கல்லெடுத்த வரலாற்றைக் கூறுங் காதைகள் அப்படிகளின் பெயர்களையே தம் பெயராகக் கொண்டுள்ளன. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடையவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோட் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்பானுக்கு நாட்டிய கல் எனச் சொல்லி அமைகின்றது. பெயரும் இறப்பின் காரணமும் உள. இறந்த நாள் இல்லை. களத்தில் வீழ்ந்தவனின் புகழே அக்காலத்தார்க்கு வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துக் கல்வெட்டோ களம் காணாதவர்க்கு உரியது. கமக்காரர், உபாத்தியாயர், வணிகர், வீட்டைவிட்டுப் பெரிதும் வெளிச்செல்லாத மூதாட்டி ஆகிய இல்வாழ்வாரே அதன் தலைவர். விநாயகர் காப்பு, ஊர்ச்சிறப்பு, குலமுறை, பிறப்பு, கல்வி, மணம், மக்கட்பேறு என வளர்ந்து, நோயுற்றதையும் இறந்ததையுங் கூறியபின் புலம்பற் பகுதி தொடங்கும். மனைவி, மக்கள், மருமக்கள், பேரர், உடன்பிறந்தார் என ஒவ்வொருவர் வாயிலும் புலவர் பாட்டை வைப்பார். செத்தவீட்டிற் பெண்கள் தாமே கட்டியழும் ஒப்பாரி வேறு, அவர்கள் அழுவதாகப் புலவர் எழுதித் தருவது வேறு. முன்னையதில் உள்ள பழைய மனத்தாங்கலும் ஏச்சும் பின்னையதில் இரா. கல்வெட்டிலே எல்லாரும் வள்ளல்கள்; எல்லா மருமக்களும் அன்பர்கள்; மருமகனின் உத்தியோகம் மட்டும் மறவாது குறிக்கப்படும். புலவரையும் அச்சகத்தையும் அமர்த்த இயலாத ஏழை வீடுகளில் இறந்தோர்க்கு இதுவும் வாய்த்ததில்லை.

இத்துணைப் புகழுரைக்கும் நடுவே மிகை சிறிதுமில்லாத பகுதி ஒன்றுண்டு. அது திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி என்பவற்றை நான்கடியில் அடக்கி, இன்னார் சிவனடி சேர்ந்தார் என முடிப்பது. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் தேதியைக் கொண்டு செய்யப்படுவதன்று. இறந்த மாதத்திலே, பூர்வபக்கமோ அபரபக்கமோ, அப்பக்கத்து அதே திதியிற் செய்யப்படுவது. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகுங் காலமே ஒரு திதியாதலின், அது 24 மணித்தியாலத்தோடு ஒத்துச் செல்லாது. ஏறத்தாழ 19 முதல் 26 மணித்தியாலம்வரை வேறுபடும். ஒரே நாளிற் காலையில் இறந்தவர்க்கும் மாலையில் இறந்தவர்க்குந் திதி வேறாகலாம். ஆகவே பஞ்சாங்கம் பார்த்துத் துணிந்த திதியை மறவாது காத்தல் மக்களின் கடனாயிற்று. அக்கடனுக்கு வெண்பாவைத் தெரிந்தெடுத்தமை முன்னோரின் நுட்பம். ஒரு சொல் மாறினுந் தளை தட்டக்கூடும். ஓசை கெட்டவுடன் பிழை வெளிப்படும். எழுத்தறியாத மகளும் பாடம் பண்ணிவைக்கலாம். ஆண்டின் பெயர் மட்டும் 60 ஆண்டுகளுக்கொருமுறை திரும்ப வருதலால் மயக்கந் தரும். எனினும் திவசத்துக்கு அது வேண்டுவதன்று.

பிற்காலத்தில் உரைநடை வாழ்க்கைக் குறிப்பும் புகைப்படமும் புகுந்து, புலம்பல் சுருங்கி, தேவார திருவாசகங்கள் சேர்ந்தன. பெயரும் நினைவு மலர் என்றாயிற்று. இலக்கியம் என்னும் வகையில் இழப்புண்டு. எனினும் பழைய கல்வெட்டுகளின் குலமுறைப் பகுதி ஊர் வரலாறு எழுதுவார்க்குப் பெருந்துணை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1995இல் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்தனர். ஓரிடத்திற் குவித்துவைத்தவை அழிந்தவிடத்தும், பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த நூலிற் பிரதி ஒன்றேனும் எங்காவது எஞ்சுதல் கூடும். இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலே இத்தகைய நினைவு வெளியீடுகள் தனித்தொகுதியாகப் பேணப்படுகின்றன.

திதி அறியப்படாதவிடத்து இவ்வமைப்பு முழுவதும் நின்றுவிடுகின்றது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரிலும் அதற்கு முன்னைய ஆண்டுகளிலுங் காணாமற்போனோர்க்கு எந்தப் புலவரும் வெண்பா யாத்தல் இயலாது; நாளுமில்லை, உடலுமில்லை. திதி தெரியாதவர்க்கு அமாவாசையைக் கொள்ளலாம் என்பதும், நெடுங்காலஞ் செய்தியின்றிப் போனவர்க்குத் தருப்பையால் உருவமைத்துத் தகனஞ் செய்து கிரியை தொடங்கலாம் என்பதும் தருமசாத்திரங் கூறும் விதிகளே. இடர்ப்பாடு விதியின்மையால் வந்ததன்று. தருப்பையுருவுக்குத் தீ மூட்டுமுன், அவர் இறந்தார் என்று வீட்டவரே சொல்லல் வேண்டும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் சொல்ல மறுத்த சொல் அதுவே. பிள்ளை எங்கே என்பதே அவர்கள் வினா. திதி யாது என்பதன்று. அத்தகைய வீட்டிலே மனைவி பொட்டை அழிப்பதில்லை. ஆடியமாவாசை வருந்தோறும், தந்தையை இழந்தோர் தர்ப்பணஞ் செய்யுங் கீரிமலைக்கு மகனை அனுப்புவதா, இவ்வாண்டும் பொறுத்திருப்பதா என்று வீட்டவர் தம்முட் பேசி, முடிவு காணாது விடுகின்றனர்.