நுரையீரல் புற்றுநோய்: ‘மரபணு டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்ற கேள்வி ஏன் முக்கியம்?

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனைதான் 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானது. அவர் காலத்தில் ஒரு கட்டியின் மரபணுக்களைப் படித்துப் பார்க்க வழியே கிடையாது. இன்று அது முடியும். ஒரே வயது, ஒரே ஊர், ஸ்கேனில் ஒரே மாதிரி கட்டி உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குத் தினமும் ஒரு மாத்திரை, இன்னொருவருக்குக் கீமோதெரபி என்று சிகிச்சை பிரியலாம். அதைத் தீர்மானிப்பது கட்டிக்குள் இருக்கும் மரபணுக்கள்.

கட்டிக்குள் அப்படி என்ன மாறுகிறது?

நம் செல்களில் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. எந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் அவை. டி.என்.ஏ-வில் எழுதப்பட்ட அந்தக் குறிப்பில் பிழை விழுவதைத்தான் மரபணு மாற்றம் என்கிறோம்.

நுரையீரல் புற்றுநோயில் அதிகம் பேசப்படுவது இ.ஜி.எஃப்.ஆர் மரபணு. இது உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் காலிங் பெல் மாதிரி இருக்கும். வெளியிலிருந்து சிக்னல் வந்தால்தான் ‘வளரு, பிரி’ என்று உள்ளே தகவல் போகும். மரபணுவில் பிழை விழுந்தால், யாரும் அழுத்தாமலேயே பெல் அடித்துக்கொண்டே இருக்கும். செல்லும் நிற்காமல் பெருகும். ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் இந்த பெல்லின் ஒயரைத் துண்டிப்பவை. எந்த மாற்றம் இருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்பது 2004-ல் தெரியவந்தது.

டி.பி.53 என்ற மரபணு இதற்கு நேர்மாறு. அது செல்லுக்கு பிரேக். பல கட்டிகளில் இந்த பிரேக் பழுதாகியிருக்கும்.

புகைபிடிக்காதவர்களுக்கும் வருமா?

வரும். புகையிலைதான் முதல் எதிரி என்பதில் சந்தேகமில்லை. தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தால், ஒரு வருடத்தில் ஒவ்வொரு நுரையீரல் செல்லிலும் சராசரியாக 150 மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆனால் இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே மாற்றங்கள் புகைபிடிக்காதவர்களிடம்தான் அதிகம் தென்படுகின்றன. காற்று மாசு, கல் குவாரி, கிரஷர்களில் பறக்கும் சிலிக்கா தூசி இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. விறகடுப்புப் புகை ‘உண்டாக்க வாய்ப்புள்ளவை’ பட்டியலில் இருக்கிறது. அதனால் ‘எங்க அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதே இல்லையே’ என்பது டெஸ்ட்டைத் தவிர்க்கக் காரணமல்ல. எடுப்பதற்குத்தான் காரணம்.

மரபணு மாற்றம் வேறு, மரபணு செயல்பாடு வேறா?

வேறுதான். எல்லா செல்களிலும் குறிப்பேடு ஒன்றே. ஆனால் கல்லீரல் செல் சில பக்கங்களைப் படிக்கும், நுரையீரல் செல் வேறு பக்கங்களைப் படிக்கும். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதே செயல்பாடு.

ஏ.எல்.கே இதற்கு நல்ல உதாரணம். வளர்ந்தவர்களின் நுரையீரலில் இந்த மரபணு தூங்கிக்கொண்டிருக்கும். டி.என்.ஏ உடைந்து, எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு மரபணுவோடு தவறாக ஒட்டிக்கொள்ளும்போது இதுவும் விழித்துக்கொள்கிறது. 2007-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். 2011-லேயே அமெரிக்காவில் இதற்கான மாத்திரை அனுமதி பெற்றது.

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘டி.டி.எஃப்-1 பாசிட்டிவ்’, ‘பி.டி-எல்1 50 சதவீதம்’ என்றெல்லாம் பார்த்திருக்கலாம். இவையும் மரபணு செயல்பாட்டின் அளவீடுகள்தான். முதலாவது, கட்டி நுரையீரலில்தான் தொடங்கியதா என்று சொல்ல உதவும். இரண்டாவது, இம்யூனோதெரபி பலன் தருமா என்று கணிக்க உதவும்.

இந்தியர்களிடம் எவ்வளவு?

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுநோய் உள்ள 907 பேரைப் பரிசோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டது. 23 சதவீதம் பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருந்தது. அதாவது ஏறக்குறைய நான்கில் ஒருவர்.

அதே மருத்துவமனை 350 பேரிடம் நடத்திய இன்னொரு ஆய்வு 2020-ல் வெளியானது. ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் சராசரியாக 8 மாதம் கட்டுக்குள் இருந்தது. கீமோவும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவுகளும் அதிகமாகத்தான் இருந்தன. ஆனால் இந்த வாய்ப்பே டெஸ்ட் எடுத்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

செலவு? ஒசிமெர்டினிப்புக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் சாதாரணக் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். ஜெஃபிடினிப் ஜெனரிக் வடிவில் பல மடங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

புதுக்கோட்டையில் இருப்பவர் என்ன செய்யலாம்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு இருந்தால் முதலில் காசநோய் பரிசோதனை செய்வது சரியே. ஆனால் காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் அறிகுறிகள் ஒன்றுபோல இருக்கும். காசநோய் மாத்திரை சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால், சி.டி ஸ்கேன், பயாப்சி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதங்களைக் கடத்த வேண்டாம்.

பயாப்சி எடுத்துவிட்டால், அந்தத் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதை ‘பிளாக்’ என்பார்கள். திருச்சிக்கோ, மதுரைக்கோ, அடையாறுக்கோ போகும்போது ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். மரபணு டெஸ்ட்டுக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டிய அவசியம் பல நேரங்களில் இருக்காது. திசு போதவில்லை என்றால் ரத்தத்தில் செய்யும் டெஸ்ட்டும் உண்டு. ஆனால் ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால் அதை முடிவானதாக எடுத்துக்கொள்ள முடியாது.

‘மரபணு’ என்றதும் ‘பிள்ளைகளுக்கும் வந்துடுமோ’ என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். இங்கே சொன்ன மாற்றங்கள் பெரும்பாலும் கட்டிக்குள் மட்டுமே உருவானவை. பிறப்பிலேயே வந்தவை அல்ல, பிள்ளைகளுக்குப் போகிறவையும் அல்ல.

மாத்திரை தொடங்கிய பிறகும் கட்டி புதிய மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். மறுபடி வளர்ந்தால் மறுபடி டெஸ்ட் தேவைப்படலாம். அதனால் முதல் ரிப்போர்ட்டையும் பிளாக்கையும் பத்திரமாக வைத்திருங்கள். முதல் கீமோவுக்குத் தேதி குறிக்கும் முன், ‘இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே, பி.டி-எல்1 பார்த்தாச்சா டாக்டர்?’ என்று கேட்டுவிடுங்கள்.