அதே மாத்திரை, பத்தில் ஒரு பங்கு கணக்கு

சர்க்கரை நோய்க்கான ஒரு மருந்து கொடுக்கும் காசுக்குப் பலன் தருமா என்று கேட்டால், மருந்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாக்ளிஃப்ளோசினை எடுத்துக்கொள்வோம். 2015-இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வு, ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் இருந்த சுமார் 7,000 சர்க்கரை நோயாளிகளை மூன்றாண்டு போலக் கண்காணித்தது. மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 8.3 சதவீதம் பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 5.7 சதவீதம். ஆக, ஒரு மரணத்தைத் தடுக்க ஏறத்தாழ 39 பேர் மூன்றாண்டு தினம் ஒன்று விழுங்க வேண்டும். சுமார் 42,700 மாத்திரை. காப்புரிமை இருந்தவரை இந்தியாவில் ஒரு மாத்திரை 60 ரூபாயை ஒட்டி விற்றது. செலவு 25 லட்சத்தைத் தாண்டும். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் சில நிறுவனங்கள் 6 ரூபாய்க்கும் கீழே இறங்கின. இப்போது இரண்டரை லட்சம். மருந்து அதேதான். (தவிர்க்கப்படும் மருத்துவமனைச் செலவை நான் கழிக்கவே இல்லை, கழித்தால் இன்னும் குறையும்.)

உயிருக்கு விலை போடுவதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 1999 முதல் அதைத்தான் வெளிப்படையாகச் செய்கிறது: நல்ல உடல்நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு கூடுவதற்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை தரலாம் என்பது அங்கே நெடுங்காலம் இருந்த வரம்பு. அந்த வரம்பைக் காட்டித்தான் நிறுவனங்களிடம் பேரம் பேச முடிந்தது. தேசிய அளவில் அப்படி ஒரு வரம்பு இல்லாத அமெரிக்காவில், 2018-இல் இன்சுலினின் சராசரி விலை மற்ற வளர்ந்த நாடுகளைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்று ரேண்ட் ஆய்வு காட்டியது. 2023-இல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வந்தது. அது நோயாளி தரும் பங்கைக் குறைக்கும், மருந்தின் விலையை அல்ல. அரசு கணக்குப் போடாத இடத்தில் குடும்பத்தின் கைக்காசு கணக்குப் போடுகிறது. இது உயிருக்கு விலை போடுவதைவிடக் கொடுமை என்பது என் கருத்து.

விலைதான் இறங்கிவிட்டதே, எல்லோருக்கும் கொடுக்கலாமே என்பது அடுத்த வாதம். அந்த 39 என்ற எண் இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும்தான். நேற்று சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட, இதயம் நன்றாக இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அது பல மடங்கு பெருகும். அவருக்கு இன்னும் மலிவான மெட்ஃபார்மினே முதலில் போதும். எனவே 6 ரூபாய் மாத்திரையின் மதிப்பு, சரியான ஆளைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. அவர்களில் யாருக்கு இதயமோ சிறுநீரகமோ பழுதாகிறது என்று சொல்ல இசிஜி, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மருந்து மலிவான பிறகு பெருஞ்செலவு அந்த நடைக்கும் இந்தச் சோதனைகளுக்கும் மாறிவிடுகிறது. அரசின் மருந்துக் கொள்முதல் பட்டியலைத் திருத்துகிறவர்கள் மாத்திரை விலையோடு இவற்றையும் சேர்த்துத்தான் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.